ஜன்னல் சீட்டு ரேடியோ

கல்முனையிலிருந்து கொழும்பு போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும்.

“சட்டலைட்டுக்கு வானம் தெரியணும் புள்ள, ஜன்னல் பக்கத்த எனக்குத் தா,” என்று இடம் மாறிய அவர், கையடக்க ரேடியோவைக் கண்ணாடியில் சாய்த்து, இரண்டு காதிலும் ஒயரைச் செருகினார். மனைவி கதைத்துக்கொண்டே வந்தார். அவரும் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

மஹியங்கனையில் ஒயரைக் கழற்றினார். “கெய்ரோவுல நல்ல மழையாம்.”

“அல்ஹம்துலில்லாஹ். மகளுக்குக் கோல் எடுத்துச் சொல்லிட்டன்.”

“என்னத்த?”

“கொழும்புல படிக்க வாப்பா ஓம் எண்டுட்டார் எண்டு.”

“நானா? ஆறு மாசமா வேணாம் எண்டுதானே சொல்றன்!”

“மூணு தரம் கேட்டன். மூணு தரமும் தலையாட்டினீங்க.”

“அது ரேடியோவுக்கு!”

“அவளுக்கு அது தெரியாதே. சந்தோசத்தில அழுறாள். வேணாம் எண்டு நீங்களே சொல்லுங்க.” மறுபடி கோல் எடுத்துப் போனை நீட்டினார்.

அவர் காதில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

“ஓம் மகள்,” என்றார்.