பன்னிரண்டு பேர் என்றால் தாங்கும்

எனக்குச் சிக்கன் சூப் பிடிக்காது, ஷெரிஃப். நாலு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் அதைத்தான் கொண்டுவந்தார்கள்.

கல்லூரிப் பெண்கள். சட்டையில் மூன்று கிரேக்க எழுத்தைப் போட்டுக்கொண்டு, நேற்றுப் பார்த்தவளைத் தங்கச்சி என்று கூப்பிடுகிற சங்கம். ஆளுக்கு இருபது மணி நேரம் ஊருக்குச் சேவை செய்தாக வேண்டுமாம். அதற்கு ஒரு கிழவன் தேவை. நான் அகப்பட்டேன்.

தலைவி டாம்சின் கோல்கிட். அவளுக்குச் சுத்தியல் பிடிக்கத் தெரியாது. யார் பிடிக்கவேண்டும் என்று சொல்லத் தெரியும். நன்றாயிருந்த என் வீட்டுக்கு ஏழு தடவை வெள்ளைப் பெயின்ட் அடித்தார்கள். அடித்து முடித்ததும் அத்தனை பேரும் வராந்தாவில் நெருக்கி நின்று, விரலை மடக்கிச் சங்கத்து அடையாளம் காட்டி ஒரு போட்டோ. போட்டோ இல்லாத சேவை செல்லாது.

"பன்னெண்டு பேர்தான் இருந்தோம், ஆர்வில் சார். சங்கத்தையே மூடப் பாத்தாங்க. இப்ப நாப்பத்தோரு பேர். எல்லாம் உங்க வீட்டு போட்டோவப் பாத்து வந்ததுங்க."

"என் மூஞ்சிக்கு அவ்வளவு கிராக்கியா?"

"வராந்தாவுக்கு, சார்" என்று சிரித்தாள்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை தனியாக வந்தாள்.

"இந்தச் சனிக்கிழமையோட சரி, சார். இத்தனை பேருக்கு இங்க வேலை பத்தல. ஆத்துக்கு அந்தாண்ட முதியோர் இல்லம் எடுத்திருக்கோம். எம்பது கட்டில்."

"எம்பது கிழடா? உனக்கு யோகந்தான் போ."

"கோவமா?"

"எனக்கென்னம்மா கோவம். சூப்புலேருந்து தப்பிச்சேன்."

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வீடு சரிவில் இருக்கிறது. வராந்தாவின் முன்பக்கம் பத்தடி உயரம், கீழே பாறை. மூன்று மரக்கால் தாங்குகிறது. வெள்ளிக்கிழமை சாப்பிட்டுவிட்டு நடுக்காலை ரம்பத்தால் முக்கால்வாசி அறுத்தேன். அவர்கள் விட்டுப்போன பெயின்ட்டையே அறுத்த இடத்தில் பூசினேன். பன்னிரண்டு பேர் என்றால் தாங்கியிருக்கும். கூட்டம் சேர்த்தது நானில்லை.

சனிக்கிழமை போட்டோவுக்கு ஏறுமுன் அவள் கேட்கத்தான் செய்தாள். "எல்லாரும் ஏறலாமா, சார்? தாங்குமா?"

"டிராக்டரே ஏறலாம்."

"அப்ப நீங்களும் வாங்க. நடுவுல நில்லுங்க, உங்களுக்கு எடம் விட்டிருக்கேன்."

முட்டி வலிக்கிறது என்று சொல்லிவிட்டுப் பெக்கான் மரத்தடியில் போய் நின்றுகொண்டேன். எனக்கு விட்ட இடத்தில் அவளே நின்றாள். அவளோடு இன்னும் இரண்டு பேரையும் புதைத்தாயிற்று என்று உங்கள் ஆள் சொன்னான்.

கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போடவேண்டும், காட்டுங்கள். அவர்கள் வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு ஒன்றுதான்.

இன்றைக்குச் சனிக்கிழமை. வழக்கமாகப் பதினொரு மணிக்கு வருவார்கள். இந்த நாற்காலியைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொல்லுங்கள்.