மாஸ்க் பதிந்த தடம்

மனைவி: …அப்புறம்?

விமானி: அப்புறம் என்ன, நாலு விமானமும் வரிசையா வந்து இறங்கிட்டோம். நான்தான் கடைசி.

மனைவி: மேல வெயிலா?

விமானி: கண்ணைப் பிச்சு எடுத்துச்சு.

மனைவி: சரி, அந்த உடுப்பைக் குடுங்க, துவைக்கப் போடணும்.

விமானி: வேண்டாம், நாளைக்கும் போட்டுக்கலாம்.

மனைவி: பதினாறு வருஷமா வேர்வையில பிழிஞ்சா சொட்டுற மாதிரி கொண்டாந்து போட்டீங்க. இப்ப என்னன்னா, நான் தேச்ச மடிப்புகூடக் கலையல.

விமானி: அது… புதுசா ஏசி மாத்தியிருக்காங்க.

மனைவி: போர் விமானத்துக்கா?

விமானி: ஏய், விமானத்தப் பத்தி உனக்கென்ன தெரியும்?

மனைவி: ஒண்ணும் தெரியாது. உங்க மூஞ்சி தெரியும். இப்படித் திரும்புங்க.

விமானி: எதுக்கு?

மனைவி: பறந்துட்டு வந்தா ஆக்சிஜன் மாஸ்க் அழுத்தின தடம் மூக்குலேர்ந்து தாடை வரைக்கும் செவந்து கிடக்கும். சாப்பிட்டு எந்திரிக்கிற வரைக்கும் போகாது. மூணு வாரமா அதைக் காணோம். பகல் பூரா எங்கதான் இருக்கீங்க?

விமானி: ஆஃபீஸ்ல. மத்தவன் லீவு லெட்டர்ல கையெழுத்துப் போட்டுட்டு… பறக்கக் கூடாதுன்னுட்டாங்க. இனிமே எப்பவும்.

மனைவி: எங்கிட்ட சொல்றதுக்கென்ன?

விமானி: வாயில வரலடி. வேற என்ன வேலை தெரியும் எனக்கு?

மனைவி: மெடிக்கல் பரிசோதனையில என்ன சொன்னாங்க?

விமானி: கண்ணு சரி, இதயம் சரி. சட்டையப் போட்டுட்டுக் கிளம்புறேன்… டாக்டர் இடது கையப் புடிச்சு சுண்டுவிரல்ல ஊசியால குத்துறாரு. எனக்கு ஒண்ணுமே தெரியல.

மனைவி: மரத்துப் போச்சா?

விமானி: ஒரு வருஷமா அப்படித்தான். விமானம் வேகமாத் திரும்புறப்ப தலை எட்டு மடங்கு கனக்கும்ல, கழுத்து எலும்பு தேஞ்சு நரம்பை அழுத்துதாம். அந்தக் கையாலதான் வேகத்தக் கூட்டிக் குறைக்கணும்.

மனைவி: மேல இருக்கறப்ப… கை நழுவிச்சா?

விமானி: ரெண்டு தரம்.

மனைவி: அய்யோ… ரெண்டு தரமா?

விமானி: ஈ காக்காய்க்குக்கூடச் சொல்லல நான். பத்து விரல் இருக்கு, அந்தாளு எப்படி நேரா அதையே புடிச்சாரு? அதான் மூணு வாரமா மண்டைய உடைச்சுக்கிறேன்.

மனைவி: டம்ளரை இடது கையில எடுப்பீங்க, சட்டுனு வலது கைக்கு மாத்துவீங்க. தினம் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்… நான்தாங்க டாக்டருக்குப் போன் பண்ணேன். திட்டணும்னா நல்லாத் திட்டுங்க. திட்டுறதுக்கு நீங்க இருக்கீங்கல்ல, எனக்கு அது போதும்.