சீல் போட்ட பிறகு

உறைந்த இறாலை வாங்கினால் அவசரப்பட்டு வெந்நீரில் போடாதீர்கள், நர்மதா மேடம். மேலே வெந்துவிடும், உள்ளே கல்லாகவே இருக்கும். முந்தின நாளே எடுத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட வேண்டும். கல்யாணமான புதிதில் ஆலிஸுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் சமையல் பாடம் அதுதான். இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறாள்.

நீங்கள் இன்ஸ்பெக்டர். கேட்க வேண்டியதைக் கேளுங்கள். எதையும் மறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் எங்கள் குளிர்பதனக் கிடங்கில் நான் ஏற்றுமதி மேற்பார்வையாளன். இறாலை உரித்து, உறைய வைத்து, பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்புகிறோம். கண்டெய்னருக்குள் மைனஸ் பதினெட்டு. அது ஏறவே கூடாது. சரக்கோடு ஒரு சின்னக் கருவியையும் வைத்து அனுப்புவோம். வழி நெடுக எவ்வளவு குளிர் இருந்தது என்று அது கோடு போட்டுக்கொண்டே போகும். அந்தப் பக்கம் இறக்கும்போது கோட்டில் ஒரு சின்ன மேடு தெரிந்தால் போதும், வாங்குகிறவன் அப்படியே திருப்பிவிடுவான்.

போன மழைக்காலத்தில் அப்படி ஒன்று திரும்பி வந்தது. முதலாளி ஃபர்ஹான் என்னைவிடச் சின்னவர். திட்டவில்லை. "அருள் அண்ணே, இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுன்னா கம்பெனிய மூடிகினு எல்லாரும் வூட்டுக்குப் போவ வேண்டிதுதான்," என்றார். உரிக்கும் கொட்டகையில் இருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். வியாசர்பாடியிலிருந்தும் புளியந்தோப்பிலிருந்தும் பஸ் மாறி வருகிறவர்கள். நான் செய்தது அவர்களுக்காக. இதை நீங்கள் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்.

கிருஷ்ணப்பன் எங்களிடம் பெட்டி ஏற்றுகிறவர்களில் மூத்தவர். குரங்குக் குல்லாவை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, எதையாவது முனகிக்கொண்டே அடுக்குவார். எனக்கும் அவருக்கும் ஒரு பகையும் கிடையாது. ராயபுரம் சர்ச்சில் என் மகன் ஜெரி முதல்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கு வந்து, பந்தி முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போனவர்.

அன்று மதியம் ஸ்பெயினுக்குப் போகும் கண்டெய்னரில் சரக்கு ஏறி முடிந்தது. கதவோரம் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் மிச்சமிருந்தது. பெட்டிகள் சரியாமலிருக்க அங்கே வலை கட்டுவது வழக்கம். மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். இடது கதவு ஏற்கெனவே சாத்தியிருந்தது. வெயில் காற்று பட்டதும் வாசலில் வெள்ளைப் புகை கிளம்பும், உள்ளே ஆள் இருந்தாலும் தெரியாது. மூடுவதற்கு முன் குரல் கொடுக்க வேண்டும். நான் கொடுக்கவில்லை. துறைமுகத்தில் வண்டியை உள்ளே வாங்கும் நேரம் முடியப்போகிறது என்ற நினைப்பில் வலது கதவையும் சாத்தினேன். கம்பிகளைத் திருப்பிச் சீல் போட்டேன். அந்தச் சீல் இரும்பு ஆணி மாதிரி இருக்கும். வெட்டித்தான் எடுக்க முடியும். வெட்டினால் பழைய எண் செல்லாது, சுங்கத்துறைக்குப் புதிதாக எழுத வேண்டும், அதற்குள் கப்பல் போய்விடும்.

இதுவரை நடந்தது விபத்து. அதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

பிறகு சத்தம் கேட்டது. அந்தக் கதவு கனமானது, நடுவில் நுரை அடைத்தது. உள்ளேயிருந்து அடித்தால், அடுத்த தெருவில் யாரோ துணி துவைப்பதுபோலத்தான் கேட்கும். பெட்டி சரிந்திருக்கும் என்று நினைத்தேன். ஆனால் சரிகிற பெட்டி ஒரு தரம் விழுந்தால் சரி. இது விட்டு விட்டுக் கேட்டது.

நான் பதறவில்லை. நிதானமாக யோசித்தேன். ஒரு பக்கம் ஓர் ஆள். மறுபக்கம் கொட்டகை நிறையப் பெண்கள், அவர்களுடைய பிள்ளைகள், ஃபர்ஹான் என் மேல் வைத்த நம்பிக்கை. யார் யோசித்தாலும் இப்படித்தான் வந்து நிற்கும். டிரைவர் ஜெகதீசனுக்குக் கையைக் காட்டினேன். டிரெய்லர் புறப்பட்டது.

திருவொற்றியூர் தாண்டிவிட்டால் துறைமுகம்வரை டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும். அன்றும் நின்றன. ஜெகதீசனை ஃபோனில் கூப்பிட்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். நான் கூப்பிட்டது குளிர் எப்படி இருக்கிறது என்று கேட்க.

"மைனஸ் பதினெட்டுல அப்டியே நிக்குது சார்," என்றான். "பின்னால இன்னாவோ டொக்கு டொக்குன்னுது. எறங்கிப் பாக்கட்டா?"

"ரோடு அப்டி. எறங்காத, எடம் போய்டும்," என்றேன்.

கிடங்குக்குள் யாரும் ஃபோன் கொண்டுபோகக் கூடாது என்பதால் வாசலில் ஓர் அலமாரி வைத்திருக்கிறோம். சாயங்காலம் அதில் கிருஷ்ணப்பனின் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கும் என்று நான்தான் அணைத்து எடுத்துவைத்தேன்.

மறுநாள் காலையில் அவர் மனைவி கன்னியம்மா வந்தார்.

"ஃபோன் போட்டா ஸ்விச் ஆஃப்னுது சார். உங்காண்ட எதுனா சொல்ட்டுப் போனாரா?"

"மதியமே கெளம்பிட்டாரேம்மா," என்றேன்.

"சொல்லாத எங்கியும் போவ மாட்டாரு சார். சோத்த மூடி வெச்சிகினு குந்திகினு கீறேன்."

டீ வாங்கிக் கொடுத்தேன். என் வண்டியிலேயே போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன். காணவில்லை என்ற புகாரை அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். கையெழுத்து என்னுடையதுதான், பார்த்துக்கொள்ளுங்கள். பேசின் பிரிட்ஜ் தண்டவாளப் பக்கம் விசாரித்தோம். பிணவறைக்கும் போனோம். அங்கே அந்தம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். துணியை விலக்கிக் காட்டினார்கள். வேறு யாரோ. "நல்லவேள, அவுரு இல்ல சார்," என்றார். எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அதற்குப் பிறகு அவருக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. உரிக்கும் கொட்டகையில் வேலை போட்டுக் கொடுத்தேன். நல்ல வேகமான கை. காலையில் வந்ததும், "எதுனா தெரிஞ்சிதா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். இல்லை என்பேன்.

கப்பல் போய்ச் சேர்ந்தது. அங்கே கதவைத் திறந்தவர்கள் அனுப்பிய படங்களைக் காட்டினீர்கள். கிருஷ்ணப்பன் வலையை ஒழுங்காகக் கட்டியிருக்கிறார். ஒரு முடிச்சும் தளரவில்லை. சரக்கு மொத்தத்தையும் அழித்துவிட்டார்களாம். ஒரு பெட்டிகூடக் கெட்டிருக்காது, மேடம். கோடு கடைசிவரை நேராகத்தான் இருந்திருக்கிறது. கம்பெனியையும் மூடிவிட்டார்கள் என்று சொன்னீர்கள். அந்தப் பெண்களுக்கு அப்படி ஆகியிருக்க வேண்டாம். அவர்கள் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யவில்லை.

இந்த இன்னொரு படத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். கிடங்கு வாசல் கேமராவில் பதிவானது. சீல் போட்ட பிறகு நான் கதவிடுக்கில் முகத்தை வைத்து நிற்கிறேன். காது கொடுத்துக் கேட்டேன் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். பாதி சரி. படத்தில் சத்தம் இல்லாததால் மீதியை நான் சொல்கிறேன். கதவுகள் சேரும் இடத்தில் ரப்பர் இருக்கும். அதில் வாயை வைத்துக் கத்தினால் உள்ளே கேட்கும். உள்ளே கத்தினால் வெளியேயும் கேட்கும்.

"அருள் சார், நான்தான் சார், கிஸ்ணப்பன். உள்ள கீறேன் சார்."

"இரு நைனா, கட்டர் எத்துகினு வரேன். பயப்படாத," என்றேன்.

கட்டர் என் காலடியில், சுவரில் சாய்ந்திருந்தது.

"செரி சார்," என்றார். உடனே தட்டுவதை நிறுத்திவிட்டார். அதன் பிறகுதான் நான் ஜெகதீசனுக்குக் கையைக் காட்டினேன்.

எழுதிக்கொள்ளுங்கள், மேடம். அவரிடம் கடைசியாக ஒரு நல்ல வார்த்தை பேசியவன் நான்.