டயர் கடை மாடியில் பாடிய அண்ணியும் நாத்தனாரும்

மேடையில் வீற்றிருக்கும் இசைக்கலைஞர் சங்கத் தலைவர் அவர்களே, அண்ணிக்குக் கடைசிவரை வேலையும் மரியாதையும் கொடுத்த மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி அவர்களே, தாயை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மகளே, தோளில் கிட்டார் இல்லாமல் நான் இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கும் நாத்தனார் அவர்களே, நாற்காலி கிடைக்காமல் வாசலிலும் படிக்கட்டிலும் நிற்கும் பெரியோர்களே, தாய்மார்களே, பாட்டை மட்டும் கேட்டுவிட்டு முகம் தெரியாமலே ஓடிவந்திருக்கும் நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் ஒலிப்பதிவு செய்கிறவன். அடுத்தவர் பேச, நான் உட்கார்ந்து கேட்பதுதான் என் பிழைப்பு. பேசத் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். இருந்தும் தலைவர் என்னைத்தான் அழைத்தார். "அந்த ரெண்டு பேரும் பாடினதை முதல்ல கேட்டது நீங்கதானே, நீங்கதான் சொல்லணும்" என்றார். அதனால்தான் வந்து நிற்கிறேன்.

நம்மை விட்டுப் பிரிந்தவரை நாம் எல்லோரும் அண்ணி என்றே அழைத்தோம். ஏன் அப்படி அழைத்தோம்? நம்மில் யாருடைய அண்ணனை அவர் மணந்தார்? ஒரே ஒருத்தியின் அண்ணனை. அந்த ஒருத்தி கூப்பிட்ட பெயர் இருவரும் பாடிய ஆல்பத்தின் அட்டையில் ஏறியது. அட்டையிலிருந்து மேடைக்கு வந்தது. மேடையிலிருந்து ஊர் வாய்க்கு வந்தது. அண்ணி என்னைவிட வயதில் இளையவர். நானும் அண்ணி என்றுதான் அழைத்தேன்.

மண்ணால் பிசைந்து வைத்தாலும் நாத்தனார் நாத்தனார்தான் என்று நம் பெண்கள் சொல்லிச் சிரிப்பதுண்டு. அண்ணிக்கு வாய்த்த நாத்தனார் எப்படிப்பட்டவர்? பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளை இறக்கிவிட்டு, அடுத்த நடைக்கு நேரம் இருந்தால், வேனிலேயே உட்கார்ந்து கிட்டார் வாசிக்கிறவர். அண்ணி அவரைச் சின்னு என்று அழைப்பார். இந்த இரண்டு பேருக்கும் இடையில் இருந்த மனிதர், ஒருவருக்குக் கணவர், இன்னொருவருக்கு அண்ணன், கப்பலில் வேலை பார்த்தார். வருவது குறைந்தது. பிறகு நின்றது. பிறகு ஒரு மழைநாளில் போன் வந்தது: "இனிமே என்னை எதிர்பாக்காதே." எங்கோ ஒரு துறைமுகத்தில் அவருக்கு வேறொரு வீடு அமைந்துவிட்டது.

இதையெல்லாம் மேடையில் சொல்லலாமா என்று மகளிடம் கேட்டேன். "அம்மா பாட்டாவே பாடிட்டாங்க. நீங்க பேச்சா சொன்னா என்ன மாமா?" என்றாள். அதனால் சொல்கிறேன்.

அண்ணன் போன பிறகு சின்னு என்ன செய்தார்? ஒரு பெட்டியும் கிட்டாருமாக அண்ணியின் வீட்டுக்குக் குடிவந்தார். உறவுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "உன் ரத்தம் உன் அண்ணன்தானே, உனக்கு அங்க என்ன வேலை?" என்று கேட்டார்கள். "அண்ணன் போயிட்டதால அங்க ஒரு ஆள் இடம் காலியா இருக்கு" என்றார் சின்னு.

அவர்கள் இருவரும் என் இடத்துக்கு வந்தது பாட வேண்டும் என்று அல்ல. என் ஸ்டுடியோ டயர் கடையின் மாடியில் இருக்கிறது. ஸ்டுடியோ என்பது பெரிய வார்த்தை. ஓர் அறை, சுவர் நிறைய பழைய மெத்தை, ஒரு கண்ணாடித் தடுப்பு. வேன்களில் ஒலிபரப்பும் விற்பனை விளம்பரங்களைத்தான் நான் பதிவு செய்துகொண்டிருந்தேன். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஒரு விளம்பரம் தேவைப்பட்டது. லென்ஸ் தேய்க்கும் அம்மாவின் குரல் நன்றாக இருக்கிறதே என்று முதலாளி அவரையே அனுப்பிவிட்டார். அண்ணி மைக் முன்னால் நின்று, "மங்கலாத் தெரியுதா? மனசு கலங்காதீங்க" என்று சொல்லிவிட்டு, தாங்க முடியாமல் சிரித்தார். துணைக்கு வந்த சின்னு அதைவிடச் சிரித்தார். எத்தனை முறை எடுத்தாலும் 'கலங்காதீங்க' என்ற இடத்தில் சிரிப்பு வந்துவிடும்.

ஒருவழியாக முடிந்தது. நான் கருவியை அணைக்காமல் தேநீர் ஊற்றப் போனேன். திரும்பி வந்தால் இருவரும் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

பூட்டு ஒண்ணு சாவி ரெண்டு
போனவன் கையில ஒண்ணு
வீட்டுக் கதவு யாரைக் கேக்கும்
வெளியில நிக்கிறது யாருன்னு

கையில் தேநீருடன் அப்படியே நின்றேன். பாட்டு முடிந்ததும், "இது யார் பாட்டும்மா?" என்று கேட்டேன்.

"யார் பாட்டும் இல்ல. அடுப்படியில போட்டது" என்றார் அண்ணி.

"இன்னும் இருக்கா?"

"அடுப்படி இருக்கிற வரைக்கும் இருக்கும்" என்றார் சின்னு.

அன்று தொடங்கியதுதான் அந்த ஆல்பம். கிட்டார் ஒன்று, குரல் இரண்டு, வேறு எதுவும் கிடையாது. தாளத்துக்கு மேசையில் தட்டக்கூட அண்ணி விடமாட்டார்.

அவர்கள் பாட்டுக் கட்டிய விதத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சண்டைதான் அவர்களுடைய முறை. சின்னு ஒரு வரி சொல்வார். அண்ணி காய் நறுக்கிக்கொண்டே தலையை ஆட்டுவார், வேண்டாம் என்று. ஒருமுறை சின்னு நிலாவைக் கொண்டுவந்தார். "நிலா வேணாம்டி. நம்ம ஜன்னல்ல எதிர்வீட்டுத் தண்ணித்தொட்டிதான் தெரியுது" என்றார் அண்ணி. அப்படியே அது பாட்டாகிவிட்டது. நிரம்பி வழியும் தண்ணீர்த்தொட்டியைப் பற்றி யார் பாட்டுக் கட்டுவார்கள்? இவர்கள் கட்டினார்கள். நீங்கள் எல்லோரும் அதை முணுமுணுத்தீர்கள்.

மெட்டு பெரும்பாலும் அண்ணியுடையது. கடையில் லென்ஸ் தேய்க்கும் சக்கரம் ஒரே சுருதியில் ரீங்கரிக்கும். அதன்மேல் அவர் மெல்லப் பாடுவார். முதலாளி சொல்லியிருக்கிறார்: கண்ணாடி தயாராகிவிட்டது என்றாலும் வாடிக்கையாளர்கள் எழுந்து போகமாட்டார்களாம்.

இனி டயர் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழே காற்றடிக்கும் இயந்திரம் நாள் முழுக்க அலறும். அது மதிய உணவு நேரத்தில்தான் வாய் மூடும். அந்த இடைவேளையில்தான் எங்கள் ஒலிப்பதிவு. அண்ணி சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டு ஓடிவருவார். சின்னு வேனைத் தெருவோரம் நிறுத்திவிட்டு ஏறுவார். முதல் நாள் டயர் கடைக்காரர் படியேறி வந்து, "மேல யாரு சார் அழுவுறது?" என்று கேட்டார். பாட்டு என்றேன். நம்பாமல் போனார். சில வாரம் கழித்து அதே மனிதர் அதே படியில் நின்று, "என்ன சார், இன்னிக்கு அந்தம்மா வரலையா? பசங்க சாப்பிடாம உக்காந்திருக்கானுங்க" என்றார். இயந்திரத்தின் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "மெதுவாப் பாடச் சொல்லுங்க, அவசரமில்ல" என்றார். அவரும் இங்கே இருக்கிறார். தலை குனிந்திருக்கிறார்.

அப்படி மகிழ்ச்சியாகப் போய்க்கொண்டிருந்த வேலை, கடைசிப் பாட்டில் வந்து நின்றது.

அந்தப் பாட்டைச் சின்னு தனியாக எழுதிக்கொண்டு வந்தார். தன் அண்ணன் மேல் எழுதியது. கோபத்தில் எழுதியது.

உப்புத் தண்ணி குடிச்சவனுக்கு
ஊத்துத் தண்ணி கசக்குதாம்
கட்டினவள மறந்தவனைக்
கண்ணாடியும் சிரிக்குதாம்

மெட்டு அபாரம். நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணி முழுவதையும் கேட்டார். பிறகு, "இதை நான் பாடமாட்டேன்" என்றார்.

"உங்களுக்காகத்தானே அண்ணி எழுதினேன்."

"தெரியும்டி."

"பொய்யா ஒரு வரி இருந்தா சொல்லுங்க, எடுத்துடறேன்."

"பொய் இல்ல. அதான் பாடமாட்டேங்கிறேன். எனக்குப் புருஷன் இல்லாம போகலாம். உனக்கு அண்ணன் இல்லாம போகுமா? நாளைக்கு அவன் உன்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்னு நினைச்சா, இந்தப் பாட்டு குறுக்க நிக்கும்."

"அவன் பேச வேணாம்" என்று சொல்லிவிட்டுச் சின்னு இறங்கிப் போய்விட்டார். வேன் கிளம்பிய சத்தம் மாடிவரை கேட்டது.

அதற்குப் பிறகு இருவரும் வரவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே பாத்திரத்தில் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, பேசாமல் இருந்தார்கள். மகள்தான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் செய்தி சொன்னாளாம். என் அறையில் மீண்டும் தள்ளுபடி விற்பனை ஒலித்தது. ஆல்பம் அவ்வளவுதான் என்று நான் நினைத்துவிட்டேன்.

ஒரு நண்பகலில் அண்ணி மட்டும் வந்தார். "அந்த மெட்டுக்கு வேற வார்த்தை போட்டிருக்கேன். நான் தனியாப் பாடறேன், எடுத்து வைங்க. அவ கேக்கட்டும்" என்றார். கிட்டார் இல்லை. வெறும் குரல். பாடினார்.

சைக்கிள் பின்னால உக்கார வெச்சு
மேடு வந்தா இறங்கித் தள்ளினவன்
கால் வலிக்குதான்னு கேட்டாக்கா
காத்துதான் தள்ளுதுன்னு சொன்னவன்
தூரம் போயிட்டான் தூரம் போயிட்டான்
தொலைஞ்சு போகலடி உன் அண்ணன்

எங்கிருந்து கிடைத்தது இது? சிறுவயதில் சைக்கிளில் ஏற்றிப்போன தன் அண்ணனைப் பற்றிச் சின்னு என்னென்ன சொன்னாரோ, அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து கேட்டுக் கேட்டு அண்ணி மனதில் வைத்திருந்தார். தன்னை விட்டுப்போன மனிதனை, அவன் தங்கையின் கண்ணால் பார்த்துப் பாடினார். நம்மில் எத்தனை பேருக்கு அந்த மனம் வரும்? நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், எனக்கு வராது.

பதிவை நானே கொண்டுபோய்ச் சின்னுவிடம் கொடுத்தேன். பள்ளிக்கூட வாசலில், காலி வேனுக்குள் உட்கார்ந்து கேட்டார். கேட்டு முடித்து, "சைக்கிள் கதையை இவங்க மறந்திருப்பாங்கன்னு நினைச்சேன்" என்றார்.

மறுநாள் மதியம் இரண்டு பேரும் வந்தார்கள். படியேறும்போதே ஏதோ சண்டை. வீட்டில் பால் பொங்கி வழிந்ததாம், அடுப்பை யார் அணைக்க மறந்தது என்று. எனக்கு உயிர் வந்தது. சின்னு கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்தார். ஒரே தடவைதான் பாடினார்கள். 'காத்துதான் தள்ளுது' என்ற வரியில் சின்னுவின் குரல் உடைந்து நின்றுவிட்டது. அண்ணி அந்த வரியைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போனார். அடுத்த வரியில் சின்னு வந்து சேர்ந்துகொண்டார். திருத்தலாமா என்று கேட்டேன். "வேணாம், அப்படியே இருக்கட்டும்" என்றார்கள் இருவரும். ஒரு விஷயத்தில் அவர்கள் ஒத்துப்போய் நான் பார்த்தது அன்றுதான்.

ஆல்பம் வெளியானது. பேருந்துகளில் ஒலித்தது, தையல் கூடங்களில் ஒலித்தது, கப்பல்களிலும் ஒலித்திருக்க வேண்டும். ஏனென்றால் ஒரு நாள் சின்னுவுக்குப் போன் வந்தது. பல வருடம் பேசாத அண்ணன்.

"அந்த சைக்கிள்... உனக்கு இன்னும் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாராம்.

"எனக்கு இருக்கு. ஆனா அந்தப் பாட்டை எழுதினது நான் இல்ல, அண்ணி" என்றாராம் சின்னு.

மறுமுனையில் அழுகைச் சத்தம் கேட்டதாம்.

சின்னு ஓடிப்போய் அண்ணியிடம் சொன்னார். அண்ணி என்ன சொன்னார் தெரியுமா? "பேசினானா? நல்லது. இனிமே உன்கிட்ட பேசட்டும், உன்னை வந்து பாக்கட்டும். வரும்போது போன் பண்ணிட்டு வரச் சொல்லு." சொல்லிவிட்டு, அந்த வாரமே பூட்டுக்காரரை வரவழைத்து வீட்டுப் பூட்டை மாற்றினார். நான் ஆச்சரியப்பட்டு, "என்ன அண்ணி, பாட்டுல அவ்வளவு இரக்கம், நிஜத்துல பூட்டா?" என்று கேட்டேன். "பாட்டு வேற, வீடு வேற சார்" என்றார். அதுதான் அண்ணி. இரக்கம் உண்டு, ஏமாளித்தனம் கிடையாது.

அந்த அண்ணன் இப்போது இந்த மண்டபத்தின் கடைசி வரிசையில் இருக்கிறார். அவரைச் சங்கடப்படுத்த இதைச் சொல்லவில்லை. வந்ததற்கு நன்றி, ஐயா. அண்ணி உங்களை வரச் சொல்லித்தான் பாடினார்.

போன வாரம், எந்த நோவும் சொல்லாமல், கடையின் பின்னறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதே அண்ணியின் இதயம் நின்றுபோனது. ஒரு குழந்தைக்கான கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாராம். அதை முதலாளியே முடித்து அந்தக் குழந்தையிடம் கொடுத்திருக்கிறார்.

இரண்டாவது ஆல்பம் பாதியில் நிற்கிறது. சில பாட்டுகளில் அண்ணியின் குரல் முழுவதும் இருக்கிறது. சிலவற்றில் கிட்டார் மட்டும் இருக்கிறது, குரல் இனிமேல்தான். என்ன செய்வது? மூடிவைப்பதா? மகளைக் கேட்டேன். "எனக்குப் பாட வராது மாமா. ஆனா அம்மா எப்படிப் பாடுவாங்கன்னு தெரியும். யார் தப்பாப் பாடினாலும் சொல்லிடுவேன்" என்றாள். போதும், அது பெரிய உதவி. இந்தச் சபையின் முன்னால் நான் உறுதி கூறுகிறேன்: அந்தப் பாட்டுகள் பாதியில் நிற்காது. அண்ணி பாடியதில் ஒரு மூச்சைக்கூட நான் வெட்டமாட்டேன். பாடாமல் விட்டதை முடிக்கும்வரை வேறு வேலை எடுக்கமாட்டேன்.

இந்தக் கூட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் சின்னு என்னிடம் வந்தார். "திங்கக்கிழமை வரேன்" என்றார். "ரெண்டு மைக் போட்டு வைங்க."

"ரெண்டாவது யாருக்கும்மா?" என்று கேட்டேன்.

"யாருக்கும் இல்ல. எனக்கு ஒத்தை மைக் முன்னாடி நின்னு பாடிப் பழக்கமில்ல."

போட்டு வைக்கிறேன், அம்மா. திங்கட்கிழமை வாருங்கள்.