ஒரே பெட்டியில்

நாணயம் எவ்வளவு கனம் என்பது அதைச் சேர்க்காதவர்களுக்குத் தெரியாது. ஒரு செருப்புப் பெட்டி நிறைய அடுக்கினால் ஒரு கையால் தூக்க முடியாது. அதனால் வீடு மாறும்போது சின்னச் சின்னப் பெட்டிகளாகப் பிரித்து, இடையில் துணி திணித்து, வெளியே எதுவும் எழுதாமல் கொண்டுபோக வேண்டும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் என் கணவர்.

அவர் கெட்டவர் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூடக் குரல் உயர்த்தியதில்லை. புது வீட்டின் இரண்டாவது படுக்கையறையை அளந்துகொண்டே சாதாரணமாகத்தான் சொன்னார்.

"இந்த ரூம்ல ஈரம் ஏறாது. நாணயத்துக்கு இதுதான் சரி. உங்க அக்காவுக்கு நல்ல இல்லமா ஒண்ணு பாத்துட்டேன்."

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. மனசு ஆறு வயதிலேயே நின்றுவிட்டது. அம்மா போனபிறகு எங்களோடுதான் இருந்தாள். நாணய அலமாரியை ஹாலில் வைக்கலாமே என்று பலமுறை கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சிரித்தார். சிரிப்பவரிடம் என்ன சண்டை போடுவது? இல்லத்து வேன் வந்தபோது அக்கா தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு, "நாளைக்கு வந்துடலாம்ல?" என்றாள். வந்துடலாம் என்றேன்.

அடுத்த வாரம் நாங்கள் கிளம்பினோம். அவர் குளிக்கப் போனபோது, பன்னிரண்டு சின்னப் பெட்டிகளில் இருந்ததையெல்லாம் ஒரே இரும்புப் பெட்டிக்கு மாற்றினேன். நன்றாகத்தான் கட்டினேன். ஒரு நாணயம்கூட ஆடவில்லை.

"பன்னெண்டுல ஒண்ணு தொலைஞ்சா தெரியாதுங்க. ஒரே பெட்டின்னா கண்ணு முன்னாடியே இருக்கும்" என்றேன்.

"இப்பத்தான் உனக்குப் புத்தி வந்திருக்கு" என்றார். அவர் என்னைப் பாராட்டியது அபூர்வம். சந்தோஷமாகக்கூட இருந்தது.

அதற்கு இரண்டு வருடம் முன்பு அவருக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பழைய வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. சாமான் ஏற்ற வந்தவர், "குடுங்க சார், நான் எடுத்துட்டுப் போறேன்" என்று கை நீட்டத்தான் செய்தார். நான் கணவரைத் தனியே அழைத்து, "அந்த ஆள் பெட்டிய ஆட்டி ஆட்டிப் பாத்தாருங்க" என்றேன். அது மட்டும் பொய்.

லாரி முன்னால் போய்விட்டது. மருந்துப் பை அதில் போனது. வீடு மாறும்போது இப்படிப் பை மாறிப்போவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். நான் பின்னால் போனேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் படியில் உட்கார்ந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. மாத்திரை கேட்டார். லாரியில் இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பெட்டி படி விளிம்பில் சரிந்துகொண்டிருந்தது.

"பெட்டியப் பிடிச்சுக்கோ" என்றார்.

பிடித்துக்கொண்டேன். அதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. போன் என் இடுப்பில்தான் இருந்தது. கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து வெளியே வரும்வரை பிடித்துக்கொண்டேதான் இருந்தேன். கால் மணி நேரம் இருக்கும். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கொன்றேன் என்று எழுத வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

அக்காவை எப்போது கூட்டி வந்தேன் என்று கேட்கிறீர்கள். இன்னும் இல்லை. இல்லத்திலிருந்து இரண்டு முறை போன் செய்தார்கள். பதினொரு மாதமாக நாணயங்களை அந்த அறையில்தான் அடுக்கிக்கொண்டிருக்கிறேன். அவள் வந்தால் எடுத்து விளையாடுவாள், விரல் பட்டால் கறுத்துப்போகும். எல்லாம் ஒழுங்கானதும் கூட்டி வர வேண்டும். அவளுக்காகத்தானே இவ்வளவும் செய்தேன். அவசரப்பட்டு என்ன ஆகப்போகிறது.