வாளிக்குள் குளவி

கிள்ளானிலிருந்து வரும் கம்யூட்டர் ரயிலில் எனக்கு எதிரே ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். மனைவியின் மடியில் மெல்லிய வலையால் மூடிய வாளி. உள்ளே வெள்ளைக் கோடு விழுந்த பயத்தங்காய் இலைகள்.

“ஆட்டாதீங்க, குளவி வெளிய வந்துரும்,” என்றார் மனைவி, வாளியில் கை வைத்த கணவரிடம்.

பக்கத்தில் இருந்த பெரியவர் எழுந்துவிட்டார்.

“கொட்டாது அங்கிள், உக்காருங்க. எள்ளுல பாதிகூட இல்ல. இதோட குஞ்சு, இலைக்குள்ள இந்த வெள்ளக் கோடு போட்டு அரிக்கிற ஈப்புழுவத்தான் தின்னும்.”

கணவர் சிரித்தார். “எல்லாரும் உங்கண்ணன்கிட்ட காய் வாங்கிட்டுப் போறாங்க. நீ சொத்த இலைய கேட்டு வாங்கிட்டு வர.”

“அண்ணன் மருந்தே அடிக்கல, அதான் அவரு இலைக்குள்ள குளவி இருக்கு. நீங்க ரெண்டு தடவ அடிச்சீங்க. நம்ம குளவிதான் செத்துச்சு, ஈ அப்படியே இருக்கு லா.”

கணவர் வலையின் ஓரத்தை மெல்லச் சரிசெய்தார்.

“பிளாட்டுக்குப் பின்னாடி நமக்கு இருக்கிறது ஒரே பாத்தி. திரும்பவும் மருந்து பம்ப தூக்குனீங்கனா அதுவும் போயிடும்.”

“தூக்க மாட்டேன்.”

“போன தடவயும் இதான் சொன்னீங்க.”

சென்ட்ரல் நிலையத்தில் ரயில் நின்றது. கணவர் வாளியை ஆடாமல் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

“காலைல நான் தூக்கிட்டு வந்த சாக்குல என்னன்னு கேட்டியே. பம்புதான். உங்கண்ணன் வீட்லயே விட்டுட்டேன்.”