கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி

காலையில் ஒரு பதிகம் ஓதிய பின்பே நான் தேநீர் அருந்துவது வழக்கம், ஐயா. காவல் நிலையத்திலும் அதற்கு இசைந்தீர்கள், நன்றி. தேநீரும் நன்று.

அமரவிளையில், மீனவர்களுக்கு ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் செய்யும் எங்கள் ஆலையில் தரக்கட்டுப்பாடு என் பொறுப்பு. வெண்பாவில் தளை தட்டினால் செவி அறிவது போல, தரம் பிசகினால் என் வரைபடம் அறியும். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. நீர்த்தொட்டியில் சோதித்த ஒவ்வொரு ஜாக்கெட்டின் மிதக்கும் திறனும் ஒரு புள்ளியாக நடுவே அமரும். நுரைப்பஞ்சின் அடர்த்தி, ஒட்டும் வெப்பம், காற்றின் ஈரம் இவற்றைக் கொண்டு நான் அமைத்த புள்ளியியல் சமன்பாடு அப்புள்ளிகளை முன்னரே சொல்லிவிடும்.

ஒரு நாள் ஒரு புள்ளி கீழ்க்கோட்டைத் தாண்டி விழுந்தது. கட்டிய எடையோடு ஜாக்கெட் தொட்டியின் அடிக்கே போயிற்று. அவ்வாறு நேர்ந்தால் இயந்திரத்தை நிறுத்திக் காரணம் தேட வேண்டும். யாரும் அணிந்துவிடாதபடி அந்த ஜாக்கெட்டை இரண்டாக வெட்ட வேண்டும். என் சமன்பாடோ அப்படியொன்று பிறக்கவே இயலாது என்றது. பிறக்க இயலாததற்குக் காரணம் தேடுவானேன்? தொட்டியின் பிழை என்று கொண்டு புள்ளியை நீக்கினேன். படம் மீண்டும் ஓசை பெற்றது.

ஆனால் ஜாக்கெட் என் மேசைமேல் உலர்ந்துகொண்டிருந்தது. வெட்டினால் ஏன் என்று கேட்பார்கள். அப்போதுதான் பொட்டலம் கட்டும் பெர்த்தா உள்ளே வந்தாள்.

"சாரே, இது ஆருக்காக்கும்? எங்க வீட்டுல ஜஸ்டஸுக்க பழைய ஜாக்கெட்ட எலி கடிச்சு நாசமாக்கிட்டு."

"கொண்டு போங்க, பெர்த்தா. காசொண்ணும் வேண்டாம்."

"அவரு போடணுமே சாரே. மீனுக்கு ஆரு ஜாக்கெட்டு போட்டு விட்டான்னு நியாயம் பேசுவாரு."

"கண்டிப்பா போடச் சொல்லணும். இடுப்பு வார நல்லா இறுக்கிக் கெட்டணும்."

சிரித்துக்கொண்டே போனாள். ஒரு குடும்பத்துக்கு உதவிய நிறைவு எனக்கு.

பொழியூருக்கு அப்பால் கடலில் வள்ளம் கவிழ்ந்தபோது பெர்த்தாவின் கணவன் ஜஸ்டஸ் அதைத்தான் அணிந்திருந்தான். வாரும் இறுக்கமாகவே கட்டியிருந்தது. உடன் போன, ஜாக்கெட் அணியாத இருவர் மட்டும் நீந்திக் கரை சேர்ந்தனர். என் சமன்பாட்டின்படி அது மிதக்கும் ஜாக்கெட், ஐயா. நம்பித்தான் கொடுத்தேன்.

ஜாக்கெட் கொடுத்த அந்த வாரமே மகள் நந்தனாவைப் பூவாறில் படகுச் சவாரிக்கு அழைத்துப் போனதும், அவளுக்கு வேறொரு கம்பெனியின் ஜாக்கெட்டை விலை கொடுத்து வாங்கியதும் உண்மையே. அவளுக்கு ஆரஞ்சு நிறம் பிடிக்கும், வேறு காரணமில்லை.

எங்களுடையதும் ஆரஞ்சுதானே என்கிறீர்கள்.

இன்னொரு தேநீர் கிடைக்குமா, ஐயா?